லா ரூட்டா சேத்து ரேஸ்: எல்லாரும் கேக்கற கேள்விகளும் என் பதிலும்

கோஸ்டா ரிகாவுல நடக்கற லா ரூட்டா மவுண்டன் பைக் ரேஸ்ல ரெண்டு தடவ கலந்துகிட்டேன். முதல் தடவ ரெண்டாம் நாள்லயே நிறுத்திட்டேன், அடுத்த தடவ முடிச்சேன், ரெண்டு தடவையும் மழை. அந்த ஃபோட்டோவெல்லாம் பாத்ததுல இருந்து கோயமுத்தூர் ரைடிங் க்ரூப்ல இருந்தும், சென்னை பெங்களூர் பசங்ககிட்ட இருந்தும், இங்க அமெரிக்காவுல இருக்கற நம்ம ஆளுங்ககிட்ட இருந்தும் அதே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது, அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வெச்சுடறேன். கேள்வி எல்லாம் அவங்கவங்க கேட்ட மாதிரியே இருக்கு.

அண்ணா இது என்ன ரேஸ், எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது?

கோஸ்டா ரிகா மத்திய அமெரிக்காவுல இருக்கற சின்ன நாடு, ஒரு பக்கம் பசிபிக் கடல், இன்னொரு பக்கம் கரீபியன் கடல், நடுவுல எரிமலைங்க. பசிபிக் கரையில ஹக்கோங்கற ஊர்ல விடியக்காலைல கிளம்பி காடு, மலை, எரிமலை, வாழைத்தோட்டம் எல்லாம் தாண்டி கரீபியன் கரையில லிமோன் பக்கம் போய் சேரணும். வழக்கமா மூணு நாள், நாலு நாள் வெச்ச வருஷமும் உண்டு. தூரம் சுமாரா 260 கி.மீ., பாதை வருஷா வருஷம் கொஞ்சம் மாறும். 260 தானேன்னு நெனைக்காதீங்க, மொத்த ஏத்தம் 8,000 மீட்டருக்கு மேல வரும். மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி ஏறினா 1,900 மீட்டர் சொச்சம், அத நாலு தடவைக்கு மேல ஏறணும், அதுவும் தார் ரோட்டுல இல்ல.

1993ல ரோமான் உர்பினாங்கற கோஸ்டா ரிகாக்காரர் ஆரம்பிச்சது. 1560கள்ல ஸ்பெயின் படைங்க அந்த நாட்டுக்குள்ள புகுந்த வழிய நெனைச்சு உருவாக்கின பாதை, ரேஸோட முழுப் பேருல 'கொங்கிஸ்தடோரெஸ்'னு வர்றது அவங்களத்தான். அந்தப் படையெடுப்புல அந்த மண்ணு ஜனங்க பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்ல, அதனால நான் 'லா ரூட்டா'னு மட்டும்தான் சொல்றது, அப்படின்னா 'பாதை'னு அர்த்தம்.

மழைக்காலத்துலயா வைக்கறாங்க? சேறு நிஜமாவே அவ்வளவு இருக்குமா, இல்ல ஃபோட்டோவுக்கா?

நான் போன ரெண்டு தடவையும் நவம்பர்ல நடந்துச்சு. பசிபிக் பக்கம் மே மாசம் பிடிக்கற மழை நவம்பர் வரைக்கும் இருக்கும், அதுல செப்டம்பர் அக்டோபர்தான் உச்சம், அதாவது ரேஸ் வர்றப்போ மண்ணு ஆறு மாசமா ஊறிப் போயிருக்கும். அன்னிக்கு வெயில் அடிச்சாலும் காட்டுக்குள்ள சேறு இருக்கும்.

சேத்தோட தலைநகரம்னா அது முதல் நாள் வர்ற கராரா காட்டுப் பகுதிதான். கராராங்கறது அங்க இருந்த ஹுவேத்தார் மக்களோட வார்த்தை, முதலைங்க இருக்கற ஆறுன்னு அர்த்தம் சொல்றாங்க. செக்கச்செவேல்னு களிமண்ணு, ரெண்டு பக்கமும் செவுரு மாதிரி மண்ணு நிக்க நடுவுல ஆளு ஒருத்தர் போற அளவு பள்ளம், அடியில ஓடை, எறங்கி ஏறினா அடுத்த ஓடை. இதுல சைக்கிள உருட்டிகிட்டு, தூக்கிகிட்டு, இழுத்துகிட்டு மணிக்கணக்கா போகணும். முன்னாடி போற நூத்துக்கணக்கான பேரு மிதிச்சு கொழச்ச சேறு வேற.

சேறுன்னா சேறுதானே அண்ணா, நம்ம வயல் சேத்துல ஓடாத ஓட்டமா?

இதுக்குத்தான் கொஞ்சம் பெருசா பதில் சொல்லணும், ஏன்னா இது புரிஞ்சா மத்த பாதி கேள்விக்கு பதில் தானா வந்துடும். நடவு வயல் சேறு தண்ணியா இருக்கும், கால் உள்ள போகும் ஆனா கால்ல அப்பி நிக்காது, தண்ணில அலசினா போயிடும். கோவில்பட்டி, அருப்புக்கோட்டை பக்கம் கரிசக்காட்டுல மழை பெஞ்சு அடுத்த நாள் நடந்து பாத்தவங்களுக்கு தெரியும், பத்து அடி வெச்சா செருப்பு ஒண்ணொண்ணும் ரெண்டு கிலோ ஆயிடும். கராரா மண்ணு கரிசல் இல்ல, இரும்புச் சத்து ஏறின செம்மண் களி, ஆனா ஒட்டறதுல ரெண்டும் பங்காளிங்க.

களிமண்ணோட துகள் ரொம்ப ரொம்ப சின்னது, தட்டு தட்டா இருக்கும், தட்டுக்கு நடுவுல இருக்கற தண்ணிதான் பசை. தண்ணி ரொம்ப கம்மியா இருந்தா கெட்டியா கெடக்கும், தண்ணி ரொம்ப அதிகமானா கஞ்சி மாதிரி ஓடிடும், நடுவுல ஒரு பதம் இருக்கு பாருங்க, சப்பாத்தி மாவு பதம், அதுதான் எமன். அந்தப் பதத்துல அது எல்லாத்துலயும் ஒட்டும், தன் மேலயே தானும் ஒட்டும், டயர்ல ஒரு சுத்து ஏறினா அடுத்த சுத்துல அதுமேல இன்னொரு அடுக்கு ஏறும், அப்பறம் ஃப்ரேமுக்கும் டயருக்கும் நடுவுல இருக்கற சந்து அடைச்சு சக்கரமே நின்னுடும்.

அதனால மழை கொட்டும்போது பயப்படாதீங்க. கொட்டற மழைல சேறு கஞ்சியா இருக்கும், வழுக்கும் ஆனா ஒட்டாது. மழை நின்னு ஒரு மணி ரெண்டு மணி நேரம் கழிச்சு வெயில் லேசா எட்டிப் பாக்குமே, எல்லாரும் சந்தோஷப்படற அந்த நேரம்தான் மோசம், அப்பதான் மண்ணு மாவு பதத்துக்கு வரும். ரெண்டாம் தடவ நான் முதல் நாள சுலபமா தாண்டினதுக்கு பெரிய காரணம் அன்னிக்கு மழை நிக்காம பெஞ்சதுதான்.

என்ன டயர் போடறது? எவ்வளவு காத்து?

பெரிய டயர்னா பிடிப்பு ஜாஸ்தின்னு நெனைச்சு 2.4 இன்ச் போட்டுட்டு வர்றவங்க நிறைய. மேல சொன்ன சந்து விஷயத்த யோசிச்சுப் பாருங்க, டயர் அகலமாக ஆக ஃப்ரேம்ல சந்து சுருங்கும், சேறு சீக்கிரம் அடைக்கும். என் ஃப்ரேம்ல 2.2 போட்டா ரெண்டு பக்கமும் விரல் நொழையற அளவு எடம் இருக்கும், அத வெச்சுதான் முடிவு பண்ணேன். டயர் மேல இருக்கற ரப்பர் பட்டன் உயரமா, ஒண்ணுக்கொண்ணு தள்ளித் தள்ளி இருக்கணும், நெருக்கமா இருந்தா நடுவுல சேறு ஒக்காந்துகிட்டு டயர் மொழுமொழுன்னு ஆயிடும். ஆனா இந்த ரேஸ்ல தார் ரோடு, சரளை ரோடும் நிறைய வருதுங்கறதால சேத்துக்குன்னே இருக்கற முள்ளு டயர் போட்டா மீதி தூரம் பூரா இழுக்கும், நடுத்தரமா ஒண்ணு போதும்.

காத்து, நான் 70 கிலோ, ட்யூப்லெஸ், முன்னாடி 19 பி.எஸ்.ஐ., பின்னாடி 21. வேர் மேலயும் கல்லு மேலயும் ரிம் இடிக்காத அளவுக்கு எவ்வளவு கம்மி பண்ண முடியுமோ அவ்வளவு, அத ஊர்லயே பாத்து வெச்சுக்கங்க, அங்க போய் புதுசா முயற்சி பண்ணாதீங்க. முன் ஃபோர்க்ல சின்ன பிளாஸ்டிக் மட்கார்டு கட்டாயம் மாட்டுங்க, எடை ஒண்ணுமே இல்ல, ஆனா கண்ணுல சேறு அடிக்கறது பாதிக்கு மேல கொறஞ்சிடும்.

சைக்கிள்ல சமையல் எண்ணெய் தடவினா சேறு ஒட்டாதாமே, நெசமா?

நெசம்தான், கொஞ்ச நேரத்துக்கு. ஃப்ரேமுக்கு அடியில, ஃபோர்க் உள்பக்கம், பெடல் இதுலயெல்லாம் ஸ்ப்ரே எண்ணெய் இல்லன்னா சிலிகான் ஸ்ப்ரே அடிச்சா முதல் ஒரு மணி நேரம் சேறு கட்டி கட்டியா தானா விழும், அப்பறம் அதுவும் தேஞ்சு போயிடும். பிரேக் டிஸ்க் மேல ஒரு துளி பட்டாலும் பிரேக் போச்சு, அதனால டிஸ்க்க துணியால மூடிட்டு அடிங்க, ஸ்ப்ரேய நேரா சைக்கிள் மேல அடிக்கறத விட துணில அடிச்சு தொடைக்கறதுதான் நல்லது.

எண்ணெய விட உபயோகமானது ஒரு குச்சி. சிரிக்காதீங்க, நெசமா சொல்றேன். ஹேண்டில்பார்ல ரப்பர் பேண்ட் போட்டு ஒரு பழைய பிளாஸ்டிக் டயர் லிவர் (டயர கழட்டற நெம்பி) செருகி வெச்சிருந்தேன், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ நிறுத்தி சந்துல குத்தி எடுத்து விட்டுட்டு போனேன். சக்கரம் நின்னு போனதுக்கு அப்பறம் சுத்தம் பண்றதுக்கு ஆகற நேரத்துல பாதி கூட ஆகாது. ஓடை வந்தா சைக்கிள தண்ணில நல்லா முக்கி சக்கரத்த நாலு சுத்து சுத்தி விட்டு எடுங்க, பின்னாடி வர்றவங்க திட்டினாலும் பரவால்ல.

செயின் கறகறன்னு சத்தம் போட்டு மேல இழுத்துக்குது, டிரெய்லர் ஒடஞ்சிடுமா?

ஒடையும். டிரெய்லர்ங்கறது (derailleur) செயின கியருக்கு கியர் மாத்தி விடற பாகம். சேறு புடிச்ச செயின் முன் பல்சக்கரத்துல இருந்து கழண்டு வராம அதோடயே ஒட்டிகிட்டு மேல ஏறி ஃப்ரேமுக்கு நடுவுல மாட்டிக்கும், அந்த நேரத்துல பலத்த போட்டு மிதிச்சா ஒண்ணு செயின் அறும், இல்ல பின் டிரெய்லர் முறுக்கிகிட்டு ஸ்போக்குக்குள்ள போகும். சத்தம் மாறினவுடனே மிதிக்கறத நிறுத்தி பின்பக்கமா அரை சுத்து சுத்துங்க, பாட்டில் தண்ணிய செயின் மேல ஊத்துங்க, குடிக்கற தண்ணி போச்சேன்னு பாக்காதீங்க. சேத்துக்குள்ள கியர் மாத்தறத முடிஞ்ச அளவு தவிர்த்து ஒரு நடு கியர்லயே போங்க.

டிரெய்லர் மாட்டற ஹேங்கர் ஸ்பேர் ஒண்ணு, அறுந்த செயின சேக்கற க்விக் லிங்க் ரெண்டு, செயின் கட்டர் இதெல்லாம் இல்லாம கிளம்பவே கூடாது. உங்க ஃப்ரேமுக்குன்னு இருக்கற ஹேங்கர் வேற எதுலயும் பொருந்தாது, அங்க கடைல கெடைக்கும்னு நம்பி வந்து ரெண்டாம் நாள் காலைல அழுத ஆள நேர்ல பாத்தேன். செயினுக்கு மழைக்குன்னு இருக்கற கெட்டி ஆயில் போடுங்க, சின்ன பாட்டில்ல பாக்கெட்லயும் வெச்சுக்கங்க.

பிரேக் பேட் எத்தன செட் எடுத்துட்டு போகணும்?

நாலு செட், அதாவது முன்னாடிக்கு ரெண்டு பின்னாடிக்கு ரெண்டு, சைக்கிள்ல புதுசா மாட்டினது தவிர. சாதாரண ஆர்கானிக் பேட் எரிமலை மண்ணு கலந்த தண்ணில ஒரே எறக்கத்துல இரும்பு வரைக்கும் தேஞ்சு போகலாம். உலோகத்தூள் கலந்த சின்டர்ட் பேட் போடுங்க, சத்தம் போடும், ஆனா தாக்குப் பிடிக்கும். மாத்தறதுக்கு ரோட்டோரத்துல ஒக்காந்து குளிர்ல வெறச்ச கையால பண்ணிப் பழகுங்க.

எறங்கி தள்ளறது ஒரு மாதிரி இல்லையா? பெரிய ரேசருங்க எல்லாம் ஓட்டிட்டே போவாங்கல்ல?

போக மாட்டாங்க. முன்னாடி போறவங்களும் கராராவுல எறங்கித்தான் போறாங்க, வித்தியாசம் என்னன்னா அவங்க சீக்கிரமே எறங்கிடறாங்க. நாம பிடிவாதமா மிதிச்சு, வேகம் நடக்கற வேகத்துக்கு வந்து, இதயம் தொண்டைக்கு வந்து, கடைசில சாஞ்சு விழுந்துட்டு எறங்கறோம். மணிக்கு நாலு அஞ்சு கி.மீ.க்கு கீழ வந்துட்டா எறங்கிடுங்க, அதே வேகத்துல நடந்து போனா மூச்சு வாங்காம போகலாம். இந்த ரேஸ்ல கால்ல பலம் இருக்கறவன் ஜெயிக்கறத விட, சக்கரத்த உருள வெச்சுக்கறதுக்கு பொறுமை இருக்கறவன் போய் சேர்றான், இதுதான் ரெண்டு தடவ போய் நான் கத்துகிட்டது.

தள்ளறதுலயும் விஷயம் இருக்கு. ஒட்டற சேத்துல தள்ளினா சக்கரம் சுத்த சுத்த சேறு ஏறிகிட்டே இருக்கும், நூறு மீட்டர் தள்ளறதுக்குள்ள சைக்கிள் நாலஞ்சு கிலோ கூடிடும். அந்த மாதிரி எடத்துல தோள்ல தூக்கிடுங்க, இல்லன்னா ஓரமா புல்லு இருந்தா புல்லு மேல உருட்டுங்க. வீட்டு மாடிப்படில சைக்கிள தூக்கிட்டு ஏறி எறங்கிப் பழகினேன், வாரத்துக்கு மூணு நாள் அரை மணி நேரம், அக்கம்பக்கத்துல ஒரு மாதிரி பாத்தாங்க, ஆனா எல்லா ட்ரெயினிங்லயும் அதுதான் அதிகம் கை கொடுத்துச்சு. ஷூ அடிப்பாகம் கெட்டி கார்பனா இருந்தா களிமண்ணுல பனிக்கட்டில நிக்கற மாதிரி இருக்கும், ரப்பர் அடி இருக்கற, முன்னாடி ஆணி மாட்டிக்கற மாதிரி ஷூ வாங்குங்க.

கை பூரா சேறு, எப்படி சாப்பிடறது? எவ்வளவு சாப்பிடணும்?

மழைல தாகம் தெரியாது, பசியும் தெரியாது, அதான் ஆபத்து. நானு வாட்ச்ல 20 நிமிஷத்துக்கு ஒரு தடவ அலாரம் வெச்சுட்டேன், அடிச்சா ஒரு வாய் சாப்பாடு, ரெண்டு மடக்கு தண்ணி, யோசிக்கறதே இல்ல. மணிக்கு 60ல இருந்து 90 கிராம் மாவுச்சத்து வரைக்கும் வயிறு பழகினா எடுத்துக்கும், ஒரு நடுத்தர வாழைப்பழம் சுமார் 25 கிராம்னு கணக்கு வெச்சுக்கங்க. எனர்ஜி ஜெல் பாக்கெட்டோட வாய முன்னாடியே வீட்டுல லேசா கத்தரிச்சு, டேப் ஒட்டி எடுத்துட்டு போனா வெறச்ச கையால ஈஸியா கிழிக்கலாம். சாப்பாட்ட சின்ன சின்ன ஜிப் கவர்ல போட்டு, கவர வெளிப்பக்கமா புடிச்சு உள்ள இருக்கறத வாயால நேரா எடுங்க, சாப்பாட்ட விரலால தொடாதீங்க, ஏன்னு அடுத்த பதில்ல இருக்கு.

அங்க காலைல கய்யோ பிந்தோனு சோறும் கறுப்பு பீன்ஸும் கலந்து தருவாங்க, நம்ம வயித்துக்கு அருமையா ஒத்துக்கும். மலை மேல ஒரு வீட்டு வாசல்ல ஒரு பாட்டி அகுவா துல்சே கொடுத்தாங்க, சுடுதண்ணில வெல்லத்த கரைச்சது, அவங்க வெல்லமும் நம்ம அச்சு வெல்லம் மாதிரியேதான். பானகம் சூடா குடிச்ச மாதிரி இருந்துச்சு, அந்தக் குளிர்ல கையில அந்த டம்ளர புடிச்சுகிட்டு நின்ன ரெண்டு நிமிஷத்த நான் மறக்கவே மாட்டேன்.

சேத்து தண்ணி வாய்ல பட்டா என்ன ஆயிடப் போகுது? சின்ன வயசுல நாம குடிக்காததா?

இந்தக் கேள்விய தயவுசெஞ்சு லேசா எடுத்துக்காதீங்க. 2007ல கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியாவுல ஒரு மவுண்டன் பைக் ரேஸ் சேத்துல நடந்துச்சு, அப்பறம் விசாரிச்சதுல 537 பேர்ல 225 பேருக்கு வயித்துப்போக்கு. கேம்பிலோபாக்டர்ங்கற பாக்டீரியா, சேத்துல கலந்திருந்த விலங்கு கழிவுல இருந்து வாய்க்குள்ள போனது. லா ரூட்டா பாதை பூரா மாட்டுப் பண்ணைங்க, உங்க மூஞ்சில அடிக்கற சேத்துல என்ன கலந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

இன்னொண்ணு எலிக்காய்ச்சல், நம்ம ஊர்லயும் மழைக்காலத்துல வர்றதுதான். 2000ல மலேசியாவோட சபா மாநிலத்துல நடந்த ஈகோ சேலஞ்ச் சாகசப் போட்டில ஆத்துலயும் சேத்துலயும் கெடந்த வீரர்கள்ல விசாரிச்ச 189 பேர்ல 80 பேருக்கு எலிக்காய்ச்சல் மாதிரியான நோய் வந்துச்சு. சிராய்ப்பு வழியாவும் உள்ள போகும். அதனால பாட்டில் வாய்க்கு மூடி இருக்கறது வாங்குங்க, இல்லன்னா முதுகுப் பை தண்ணி, குடிக்கறதுக்கு முன்னாடி முதல் மடக்க துப்பிடுங்க. காயத்த அன்னன்னிக்கே சோப்பு போட்டு கழுவுங்க. போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட டாக்ஸிசைக்ளின் தேவையான்னு கேளுங்க, நீங்களா வாங்கி போட்டுக்காதீங்க. திரும்பி வந்து மூணு நாலு வாரத்துக்குள்ள காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண்ணு செவக்கறதுன்னு எதாவது வந்தா டாக்டர்கிட்ட 'சேத்துலயும் ஆத்துலயும் இருந்தேன்'னு மறக்காம சொல்லுங்க, சொல்லலன்னா அவங்களுக்கு தோணாது.

கோஸ்டா ரிகா வெக்கை நாடு தானே, ஜாக்கெட் எதுக்கு சுமக்கணும்?

இதே நெனப்புலதான் நான் முதல் தடவ போனேன். முதல் நாள் கடல் மட்டத்துல வேர்த்து ஊத்தும், ரெண்டாம் நாள் இராசு எரிமலை பக்கம் ஏறணும். இராசு உச்சி 3,432 மீட்டர், ரேஸ் உச்சிக்கு போகாது, ஆனாலும் 3,000 மீட்டர் பக்கம் போயிடும், நம்ம தொட்டபெட்டாவே 2,637 தான். ஆயிரம் மீட்டருக்கு ஆறு ஏழு டிகிரி கொறையும், மழை, காத்து, நனஞ்ச துணி, எல்லாத்தையும் சேத்துப் பாருங்க. ஏறும்போது ஒடம்பு சூடா இருக்கறதால ஒண்ணும் தெரியாது, எறக்கத்துல மிதிக்கறதே இல்லாம காத்துல போகும்போதுதான் பல்லு அடிச்சுக்கும்.

மழை ஜாக்கெட், மெல்லிசா கம்பளி உள்சட்டை ஒண்ணு, உலர்ந்த கையுறை ஒரு ஜோடி, எல்லாத்தையும் பிளாஸ்டிக் கவர்ல முடிச்சு எடுத்துட்டு போங்க. எறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போட்டுடணும், குளிர் எடுத்ததுக்கு அப்பறம் இல்ல. வெரல் வெறச்சா பிரேக் புடிக்க முடியாது, மேல சொன்ன பேட் தேஞ்ச கதையும் அங்கதான் நடக்கும், ரெண்டும் ஒண்ணா நடந்தா எறக்கத்துல நிறுத்தவே முடியாது.

கால் ஊறிப் போறது, உக்கார்ற எடத்துல புண்ணு, இதுக்கெல்லாம் என்ன பண்றீங்க?

கால் நனையாம வெச்சுக்க வழியே இல்ல, ஓடையே பத்து பதினஞ்சு தடவ வருது. வாட்டர்ப்ரூஃப் சாக்ஸ் போட்டா உள்ள போன தண்ணி வெளிய வராது, அதனால மெல்லிசு கம்பளி சாக்ஸ் போட்டு, பாதம் பூரா வாஸ்லின் அப்பிக்கறதுதான் எனக்கு சரியா வந்துச்சு. சாயங்காலம் வந்தவுடனே முதல் வேலை ஷூவ கழட்டி கால காய வைக்கறது. உக்கார்ற எடத்துக்கு காலைல க்ரீம், நடுவுல ஒரு தடவ க்ரீம், ரேஸ் முடிஞ்ச அஞ்சு நிமிஷத்துல அந்த ஷார்ட்ஸ கழட்டிடணும், அதே ஈரத்தோட கதை பேசிகிட்டு நின்னா மறுநாள் உக்காரவே முடியாது.

ரயில் பாலம் வீடியோ பாத்தேன், நிஜமாவே அதுமேலதான் நடக்கணுமா?

ஆமா, மூணாம் நாள். கடைசி நாள் பாதி தட்டை ரோடு, வாழைத்தோட்டம், பழைய ரயில் பாதை. சான் ஹோசேல இருந்து லிமோனுக்கு 1890ல முடிச்ச ரயில் பாதை அது, காப்பியும் வாழையும் ஏத்துமதி பண்ண போட்டது, கட்டினப்போ ஆயிரக்கணக்கான தொழிலாளிங்க காய்ச்சல்லயும் விபத்துலயும் செத்தாங்க. 1991 ஏப்ரல்ல வந்த லிமோன் பூகம்பத்துல பாதைக்கு பலத்த சேதம். பாலத்துல கட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல கால் போற அளவு இடைவெளி, கீழ பழுப்பு நெறத்துல ஆறு ஓடறது தெரியும், கட்டை மழைல பாசி புடிச்சு வழுக்கும்.

நேரா கீழ பாக்காம நாலு கட்டை முன்னாடி பாருங்க, ஒவ்வொரு கட்டையோட நடுவுல கால் வைங்க, சைக்கிள தண்டவாளத்து மேல ஒரு பக்கமா உருட்டிகிட்டு அத கைப்பிடி மாதிரி வெச்சுக்கங்க. பின்னாடி யாராவது அவசரப்படுத்தினா நின்னு வழி விட எடம் இருக்காது, அதனால அவசரப்படாம உங்க வேகத்துலயே போங்க. உயரம்னா பயம் இருக்கறவங்க இதுக்கு மனசளவுல முன்னாடியே தயாராகணும். தண்டவாளக் கட்டை மேல கி.மீ. கணக்குல ஓட்டறதும் உண்டு, அதுல கை மரத்துப் போகும், காத்த இன்னும் ஒரு பி.எஸ்.ஐ. கொறச்சா கொஞ்சம் தாங்கும்.

சாயங்காலம் வந்ததும் சைக்கிள ப்ரெஷர் வாஷ் அடிக்கலாமா?

அடிப்பாங்க, எல்லாரும் வரிசைல நிப்பாங்க. தண்ணி பீச்சற முனைய சக்கர மையம், பெடல் அச்சு, சஸ்பென்ஷன் மூட்டு இதுக்கெல்லாம் நேரா காட்ட விடாதீங்க, பேரிங்குக்குள்ள மண்ணுத் தண்ணி ஏறி ரெண்டு நாள்ல கரகரன்னு ஆயிடும். சாதா குழாய் தண்ணியும் ஒரு ப்ரஷும் போதும். அப்பறம் செயின தொடச்சு ஆயில் போட்டு, பேட் எவ்வளவு மிச்சம்னு டார்ச் அடிச்சு பாத்துட்டுதான் சாப்பிடப் போகணும். சாப்பிட்டா தூக்கம் வந்துடும், அப்பறம் செய்ய மாட்டீங்க.

தமிழ்நாட்டுல இருந்துகிட்டு இதுக்கு எப்படி பழகறது?

நம்மகிட்ட மழைக்கும் மண்ணுக்கும் பஞ்சமே இல்ல. அக்டோபர் நவம்பர்ல வடகிழக்குப் பருவமழைல கோத்தகிரி, குன்னூர் பக்கம் தேயிலைத் தோட்ட மண்பாதை, ஏத்தமும் இருக்கு குளிரும் இருக்கு, எஸ்டேட்காரங்ககிட்ட கேட்டுட்டு போங்க, காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழையாதீங்க, யானை இருக்கற எடம். ஒட்டற சேறு பழகணும்னா மேல சொன்ன கரிசல் பூமில ஒரு மழைக்கு அடுத்த நாள் வண்டிப்பாதைல அஞ்சு கி.மீ. போனாலே எந்த டயர் அடைக்குது, எப்ப தூக்கணும்னு தெரிஞ்சிடும்.

வாரக் கடைசில ஆறு ஏழு மணி நேரம் தொடர்ச்சியா ஒரு ரைடு, மறுநாள் திரும்ப நாலு மணி நேரம், இத மூணு மாசம் பண்ணுங்க. ரெண்டாம் நாள் வலியோட உக்கார்றதுதான் உண்மையான பயிற்சி.

மழைல ஓட்டினா ட்ரெயில் கெட்டுப்போகும்னு சொல்றாங்களே, அப்ப இந்த ரேஸே தப்பில்லையா?

சரியான கேள்வி, நானும் இதப் பத்தி நிறைய யோசிச்சிருக்கேன். ஈர மண்ணுல சக்கரம் போட்ட தடம் வாய்க்கால் மாதிரி ஆகி, அடுத்த மழைத் தண்ணி அதுவழியா ஓடி மண்ண அறுத்துட்டு போயிடும். அமெரிக்காவுல பல ஊர்ல மழை பெஞ்சா ட்ரெயில மூடறதே இதுக்காகத்தான், பூட்டியிருக்கறப்போ உள்ள போறவங்க மேல எனக்கு கோவம் வரும், அந்தப் பாதைய யாரோ லீவு நாள்ல மம்பட்டி புடிச்சு போட்டிருப்பாங்க.

லா ரூட்டா போற வழில பெரும்பகுதி ட்ராக்டரும் மாடும் போற பண்ணைப் பாதையும் ஊர் ரோடும்தான், அதனால மனசு கொஞ்சம் ஒத்துக்குது, ஆனா காட்டுப் பகுதில நூத்துக்கணக்கான பேர் ஒரே நாள்ல போறது பாதிப்பே இல்லன்னு என்னால சொல்ல முடியாது. என்னால ஆனது, சேத்த தவிர்க்க ஓரமா செடிய மிதிச்சுகிட்டு புதுப்பாதை போடறதில்ல, நடுவுலயே போறது. எட்டாவது பதில்ல புல்லு மேல உருட்டச் சொன்னது பண்ணைப் பாதை ஓரத்துக்கு மட்டும்தான், காட்டுக்குள்ள தூக்கிடுங்க. ஜெல் கவர ஒண்ணு கூட கீழ போடாதீங்க.

நீங்க முதல் தடவ ஏன் நிறுத்தினீங்க? எப்ப நிறுத்தணும்னு எப்படி தெரியும்?

கால் வலி, பசி, சலிப்பு இதுக்கெல்லாம் நிறுத்தாதீங்க, அதெல்லாம் சாப்பிட்டா அரை மணி நேரத்துல மாறும். நடுங்கறது நிறுத்த முடியாம போறது, பேச்சு கொழர்றது, ஜிப்ப புடிச்சு இழுக்க வெரல் கேக்காதது, இந்த மூணுல ஒண்ணு வந்தா நிறுத்தணும், அது ஒடம்பு சூடு எறங்கறதுக்கான அடையாளம். கட் ஆஃப் நேரமும் இருக்கு, அதுக்குள்ள வரலன்னா நிறுத்திடுவாங்க, நவம்பர்ல அங்க சாயங்காலம் அஞ்சரைக்குள்ள இருட்டிடும், மலைல மேகம் இறங்கினா இன்னும் முன்னாடியே.

எனக்கு அன்னிக்கு எரிமலைப் பக்கம் ஒரு செக்பாயின்ட்ல ஜாக்கெட் ஜிப்ப போட முடியல, ஜாக்கெட்டும் நனஞ்சு போன மெல்லிசு காத்துத்தடுப்பு தான், மழைக்கானது இல்ல. அங்க இருந்த தன்னார்வலர் அம்மா ஒருத்தங்க என் ரெண்டு கையையும் புடிச்சு பாத்துட்டு ஸ்பானிஷ்ல என்னமோ சொன்னாங்க, வார்த்தை புரியல, சொன்னது புரிஞ்சுது. சைக்கிள வண்டில ஏத்தினாங்க. அடுத்த தடவ அந்த ஏத்தத்தோட கடைசில, இன்னும் தெம்பா இருக்கும்போதே நிறுத்தினேன், ஈரக் கையுறைய கழட்டி உலர்ந்தத மாட்டினேன், கம்பளிச் சட்டை, அதுக்கு மேல மழை ஜாக்கெட், சூடா அகுவா துல்சே ரெண்டு டம்ளர், மொத்தம் 20 நிமிஷம் போச்சு. அப்பறம் துரியால்பாங்கற ஊர் வரைக்கும் எறக்கத்துல ரெண்டு வெரலால பிரேக் புடிச்சுகிட்டே எறங்கினேன்.